கண்டெடுத்த பணம், காணாத ஆள்

நடுரோட்டில் ஒரு ரூபாய் கிடக்கிறது. ஏ என்பவர் அதைப் பார்க்கிறார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. எடுத்துக்கொள்கிறார். ஏ குற்றம் செய்யவில்லை.

இது என் கற்பனை அல்ல. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவுக்கு உதாரணமாகத் தரப்பட்ட கதை ஒன்றின் சாரம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இதே விஷயம் அதில் 314-ஆவது பிரிவு. கண்டெடுத்தவனைச் சட்டம் கேட்கிற கேள்விகள் மாறிவிடவில்லை. சொந்தக்காரர் யாரென்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி செய்தாயா? நியாயமான காலம் காத்திருந்தாயா?

சட்டத்துக்குள் இப்படிக் கதை சொல்லும் வழக்கம் மெக்காலே தலைமையில் 1837-இல் தயாரான நகலிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கிவிட்டு பாங்குக் கவுன்டரில் நோட்டு எண்ணிக்கொண்டிருக்கிற என்னைப் போன்றவனுக்கு இவற்றைச் சிறுகதைகளாகப் படிப்பதில் ஒரு ருசி உண்டு. வர்ணனை கிடையாது, மனவோட்டம் கிடையாது. ஒரு கதையில் ஏ ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார், உள்ளே பாங்கு நோட்டு, கடிதத்தைப் படித்தாலே யாருடையது என்று தெரிகிறது. இன்னொன்றில் இஸட் தன் பணப்பையைத் தவறவிடுவதை ஏ கண்ணால் பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன்தான் எடுக்கிறார். பிறகு தானே வைத்துக்கொள்கிறார். குற்றம். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்குள் ஒரு நாவல் இருக்கிறது. சட்டத்துக்கு அது வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்தக் கதைகளில் தொலைத்தவர் என்று ஒருவர் வந்தால் அவர் இஸட். கண்டெடுப்பவர் எப்போதும் ஏ. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். நடுவிலிருக்கிற 24 எழுத்துகளுக்கு இந்த விவகாரத்தில் வேலை இல்லை. இல்லையா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பணம் என்கிற பொருளின் சுபாவத்தைப் பார்க்கவேண்டும். குடையைக் கண்டெடுப்பதும் பணத்தைக் கண்டெடுப்பதும் ஒன்றல்ல. குடைக்கு ஒரு கைப்பிடி, ஒரு கிழிசல், யாரோ தைத்த நூல் உண்டு. அது ஒருவருடைய குடை. நோட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதில் நம்பர் இருக்கிறது, பெயர் இல்லை. அதில் அச்சிட்டிருக்கிற வாக்குறுதியும் அதைக் கொண்டுவருபவருக்குத்தான். எப்படி வந்தது என்ற விசாரணை அதில் இல்லை. இங்கிலாந்தில் 1758-இல் ஒரு வழக்கு. தபாலில் போன பாங்கு நோட்டு திருட்டுப் போய், கை மாறி, கடைசியில் விடுதிக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒன்றும் அறியாமல், உரிய மதிப்புக்கு வாங்கியவர். நோட்டு அவருக்கே என்று மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னார். வேறு விதமாகச் சொல்லியிருக்கவும் முடியாது. ஒவ்வொரு நோட்டின் பூர்வீகத்தையும் விசாரித்துத்தான் வாங்குவதென்றால் ஒரு டீ குடிக்க முடியாது. பணம் பணமாக இருப்பதே அதற்கு ஞாபகம் இல்லாததால்தான்.

சிலப்பதிகாரத்துப் புகாரில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம் வருகிறது. வணிகர்களின் பொதிகள் அங்கே காவல் இல்லாமல் கிடக்கும். ஒவ்வொன்றிலும் உடையவன் பெயர் எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். திருட வருகிறவன் தலையில் அந்தப் பொதியே ஏறிக் கழுத்து நோகச் சுமக்கவைக்கும் என்று ஊர் நம்பியது. இந்த நம்பிக்கையை நான் வெறும் அற்புதமாகப் படிப்பதில்லை. பெயர் எழுதிய பொருள் எடுத்தவனை உறுத்தும், தலைக்கனமாகத் தெரியும். பெயரில்லாத நோட்டு உறுத்துவதில்லை. சட்டைப் பைக்குள் போனதும் அங்கே ஏற்கெனவே இருந்த நோட்டுகளோடு சேர்ந்துகொள்கிறது. எது வந்தது, எது இருந்தது என்று பைக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

ஆகவே நம் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தெருவில் கிடந்த காசை எடுத்துக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவது. என் பாட்டி அப்படித்தான் செய்வாள். தனக்கென்று வைத்துக்கொள்ளாத அந்த மனசை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இதில் தொலைத்தவர் இடமே பெறவில்லை. எடுத்தவருக்கும் கடவுளுக்கும் நடுவில் கணக்கு முடிந்துவிடுகிறது. கை சுத்தமாயிற்று, அவ்வளவுதான். தொலைத்தவர் இன்னும் தெருவைத் திரும்பிப் பார்த்தபடி நடந்துகொண்டிருக்கிறார்.

தத்துவத்திலும் கேள்வி பெரும்பாலும் என் கை சுத்தமா என்பதாகத்தான் இருந்துவந்திருக்கிறது. கான்ட் இதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் எங்கள் தொழிலிலிருந்தே வந்தது: டெபாசிட். ஒருவர் என்னிடம் பணம் ஒப்படைத்துவிட்டு இறந்துபோகிறார். சாட்சி இல்லை, சீட்டு இல்லை. நான் இல்லையென்று சொல்லிவிடலாமா? 1788-இல் வெளிவந்த நூலில் அவர் சொன்ன பதில்: எல்லோரும் அப்படிச் செய்வதென்று ஒரு விதி ஏற்பட்டால் டெபாசிட் என்ற ஒன்றே உலகத்தில் இருக்காது, ஆகவே அந்த விதி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. 1793-இல் மறுபடி இதே விஷயத்துக்கு வந்து உதாரணத்தை இன்னும் இறுக்குகிறார். பணத்தை வைத்திருப்பவன் தன் தவறில்லாமலே நொடித்துப்போனவன், பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. வாரிசுகளோ பணக்காரர்கள், ஊதாரிகள், அவர்களுக்கு இந்தப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்போதும் கூடாதென்று எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும் என்கிறார். ஹெகல் 1802-03-இல் இதை மடக்கினார்: டெபாசிட் இல்லாமல் போனால்தான் என்ன, அதில் முரண்பாடு எங்கே இருக்கிறது?

கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது நான் ஹெகல் கட்சி. பிறகு பாங்கில் சேர்ந்தேன். டெபாசிட் இல்லாமல் போனால் என் சம்பளம் இல்லாமல் போகும் என்ற அளவில் கான்ட் பக்கம் சாய்ந்தேன். இப்போது இரண்டு பேரிடமும் எனக்கு ஒரே மனக்குறை. இருவருடைய உதாரணத்திலும் ஆட்கள் போதவில்லை. வைத்திருப்பவன், வைத்தவன், அவன் வாரிசு. ஏ, இஸட், சின்ன இஸட். என் மேஜைக்கு முன்னால் நடந்ததில் இன்னொருவன் இருந்தான்.

காஷ் கவுன்டரின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். காலையில் உட்காருவதற்கு முன்னால் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். சாயங்காலம் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகவேண்டும். குறைந்தால் காஷியர் தன் கையிலிருந்து கட்டவேண்டும். அதிகமிருந்தால் அது காஷியருக்கு இல்லை. அன்றைக்கே சஸ்பென்ஸ் கணக்கில் வரவு வைக்கவேண்டும். குறைந்தால் என்னுடையது, கூடினால் என்னுடையது அல்ல. இந்த ஓரவஞ்சனையை முதல் வருஷத்திலேயே ஒவ்வொரு காஷியரும் உணர்ந்துவிடுகிறான். கூடின நாளில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, குறைந்த நாளில் போட்டு நிரப்புவது என்ற கைவைத்தியம் உண்டென்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

2023 மார்ச் மாசம், வருஷக் கணக்கு முடிக்கிற நெரிசலில், எனக்கு 7,000 ரூபாய் குறைந்தது. யாருக்கோ அதிகம் கொடுத்திருக்கிறேன். தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைத் திருப்பியாகவேண்டும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கியவர் அந்தப் பிரிவைப் படிக்கவில்லைபோல. சம்பளத்திலிருந்து கட்டினேன். அந்த மாசம் வீட்டில் சொல்லவேண்டியிருந்த பொய்கள் இங்கே வேண்டாம்.

அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் எனக்கு 5,000 கூடியது. பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறேன், அவர் எண்ணாமல் போயிருக்கிறார். உண்மையில் எனக்குத் தோன்றியது இது: உலகம் எனக்குத் தரவேண்டிய பாக்கியில் முக்கால் பங்கைத் தந்துவிட்டது, இன்னும் இரண்டாயிரம் நிற்கிறது.

எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்ளவே இல்லை. ‘யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டேன். காமிரா இருக்கிறது. அன்றைய பதிவைப் பார்த்தால் யாருக்குக் குறைத்தேன் என்று அரை மணியில் தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு மானேஜரிடம் சொல்லவேண்டும். சொல்லவில்லை. காலையில் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் 340 ரூபாய் என்று இருந்தது. சாயங்காலம் 5,340 ரூபாயோடு பஸ் ஏறினேன். சட்டத்தின் உதாரணத்தில் வருகிற ‘பிறகு’ என்கிற இடத்தில் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் அப்படியொன்றும் அசௌகரியமாக இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஜன்னலோர சீட், நல்ல காற்று.

முதல் நாள் யாரும் கேட்டு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. கேட்காதவருக்கு 5,000 ரூபாய் பெரிதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி செக்கோடு தானே வந்து வரிசையில் நின்றார். வழக்கமாகக் கடைப் பையன்தான் வருவான். பத்தொன்பது இருபது வயசு, பேசமாட்டான். செக்கை நீட்டுவான், பணத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். எங்கள் பேரில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, எண்ணமாட்டான்.

‘‘என்ன அண்ணாச்சி, பையன் வரலையா?’’ என்றேன்.

‘‘அவனை நிறுத்தியாச்சு சார். கை நீளம். போன வாரம் நாப்பத்தஞ்சு எடுக்க அனுப்பினேன், நாப்பதுதான் கொண்டு வந்தான். கேட்டா பாங்குல குடுத்ததே இவ்வளவுதான்கிறான். மிஷின்ல எண்ணிக் குடுக்கிற எடத்துல தப்பு வருமா சார்? நீங்களே சொல்லுங்க.’’

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மிஷினில் எண்ணி, கையாலும் ஒரு தடவை எண்ணிப் பணம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மானேஜர் அறைக்குப் போய், டிராயரின் அடியில் ஒரு கட்டு சிக்கியிருந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது என்றேன். அவர் பழைய பதிவைப் பார்த்தார். தொண்ணூறு தாள் தரவேண்டிய இடத்தில் நான் எண்பது தருவது அதில் தெளிவாக இருந்தது. அண்ணாச்சிக்குப் போன் போயிற்று. மறுநாள் அவர் ஒரு ஸ்வீட் பெட்டியோடு வந்தார். ‘‘உங்களை மாதிரி நாலு பேர் இருக்கிறதாலதான் சார் மழை பெய்யுது’’ என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். நான்கு நாள் ஏன் ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை, மானேஜரும் கேட்கவில்லை.

‘‘பையனைக் கூப்பிட்டுட்டீங்களா?’’ என்றேன்.

‘‘சொல்லி அனுப்பினேன் சார். திருப்பூர் போயிட்டானாம். போகட்டும். முன்னாலயும் அவன் ஒரு மாதிரிதான்.’’

எனக்குப் புரியவந்தது இவ்வளவுதான். பணம் தொலைந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. பணம் ஒரு பக்கம் போகிறது. பழி இன்னொரு பக்கம் போகிறது. பணம் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சேரும். பழி அப்படிப் போவதில்லை. வழக்கமாக எங்கே உட்காருமோ அங்கேயே போய் உட்காரும். வீட்டில் வளையல் காணோம் என்றால் வேலைக்காரி. கடையில் குறைந்தால் பையன். பால் வாங்கப் போன குழந்தை வழியில் காசைத் தொலைத்துவிட்டு வந்தால், மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டது என்று முதுகில் ஓர் அடி. நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் சொந்தக்காரருக்கு நஷ்டம் தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தாங்கும், தாராளமாகத் தாங்கும். அண்ணாச்சிக்கு 5,000 பெரிதல்ல. அந்தக் கணக்கில் பையனுக்குக் கலமே இல்லை.

நமது பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற ஒரு போட்டோவை இப்போது வேறுமாதிரி பார்க்கிறேன். ஆட்டோவில் யாரோ விட்டுப்போன நகைப் பையை டிரைவர் போலீஸில் ஒப்படைக்கிறார். அதிகாரி அவருக்குச் சால்வை போடுகிறார். குப்பையில் கிடந்த நகையைத் துப்புரவுப் பணியாளர் திருப்பித் தருகிறார், மறுபடி சால்வை. அந்த மனிதர்களைப் பற்றி எனக்கு மரியாதை தவிர வேறில்லை. போட்டோவைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு டாக்டரோ வக்கீலோ அதே பையைத் திருப்பித் தந்தால் அது செய்தி ஆகுமா? ஆகாது, அவர் தருவது இயல்பு. ஏழை தருவது அதிசயம். அதிசயம் என்று சொல்லும்போதே அவன் எடுத்திருக்க வேண்டியவன் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பையனை நிறுத்திய அதே மனசுதான் டிரைவருக்குச் சால்வை போடுகிறது. எனக்கு ஸ்வீட் பெட்டி கொடுத்ததும் அதுதான். கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எடுத்திருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுத்தவன் நான்.

2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். ‘தெருவில் கிடந்தது’ என்று சொல்லி பாங்கு, ஹோட்டல், தியேட்டர், தபாலாபீஸ் போன்ற இடங்களின் கவுன்டரில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். உள்ளே தொலைத்தவரின் முகவரி அட்டையும், மளிகைச் சாமான் சீட்டும், ஒரு சாவியும் இருக்கும். சிலவற்றில் பணமும் இருக்கும். பணமில்லாத பர்ஸைப் பற்றி 100-க்கு 40 பேர் உரியவருக்குத் தகவல் சொன்னார்கள். பணம் இருந்ததற்கு 51 பேர். 40 நாடுகளில் 38-இல் இதே போக்கு. பொருளாதார நிபுணர்களே எதிர்பாராதது. இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். சில நாடுகளில் சாவியை எடுத்துவிட்டுக் கொடுத்தபோது திரும்பியவை குறைந்தன. சாவி எடுத்தவனுக்கு உதவாது. தொலைத்தவனுக்கு மட்டும்தான் உதவும். அதைப் பார்க்கும்போது தொலைத்தவன் கதவுக்கு வெளியே நிற்பது மனசில் தெரிந்துவிடுகிறது.

மனுஷனைப் பற்றி நல்லதாக ஒன்று தெரியவருவது சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பர்ஸ்களுக்காக எந்த வீட்டிலும் யாரும் அடிவாங்கவில்லை, எந்தக் கடையிலும் யாரும் வேலையிழக்கவில்லை. ஆராய்ச்சி என்பதால் அங்கேயும் ஏ, இஸட் இரண்டு பேர்தான். நிஜத்தில் தொலைகிற பணத்துக்குள் சாவி இருப்பதில்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு சாவியும் இருப்பதில்லை. அவனை நாமாக நினைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதிலிருந்து பெரிய நீதி எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை. கள்ளாமை அதிகாரம் எண்ணத்திலேயே குற்றம் தொடங்குவதாகச் சொல்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கண்டெடுத்த பணத்தைப் பற்றி ‘இது யாருடையது?’ என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். ‘இதற்கு இந்த நேரத்தில் யார் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?’ என்று கேட்கவேண்டும். முதல் கேள்விக்குக் காத்திருக்கலாம். சட்டமே நியாயமான காலம் காத்திரு என்கிறது. இரண்டாவது கேள்விக்குக் காலம் கிடையாது. நான்கு நாள் கழித்துத் தந்தாலும் 5,000 ரூபாய் 5,000 ரூபாய்தான். நான்கு நாள் கழித்துச் சொல்லப்படுகிற ‘அவன் எடுக்கவில்லை’ என்பது வேறு வாக்கியம். அதைக் கேட்கவேண்டியவன் அதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். நானும் அதை முழுசாகச் சொல்லவில்லை. டிராயரின் அடியில் சிக்கியது என்றுதான் சொன்னேன்.

நோட்டில் பெயர் இல்லை என்று மேலே எழுதினேன். ஆனால் கவுன்டரில் செக் கொடுத்துப் பணம் வாங்குகிறவர் அதன் பின்புறம் கையெழுத்துப் போடவேண்டும். பையன் போட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் போட்டிருப்பான். நான் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர என்ன பெயர் என்று படித்ததில்லை. ஸ்வீட் பெட்டி வந்த அன்று சாயங்காலம் பழைய வவுச்சர் கட்டை அவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. இங்கிலீஷில், பெரிய பெரிய எழுத்தில், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி. அந்தப் பெயரை இங்கே எழுதக்கூடாது. ஆனால் அதன் முதல் எழுத்து ஏ அல்ல, இஸட்டும் அல்ல.